சிங்கப்பூரில் தெருவணிக உரிமத்தின் வரலாறு

சிங்கப்பூரில் தெருவோரத்தில் உணவும் சில்லறைப் பொருள்களும் விற்பவர்களை அங்காடிக்காரர்கள் என்பர். அவர்கள் தொழில் செய்ய அரசு வழங்கும் அனுமதியே அங்காடி உரிமம். பிரிட்டிஷ் நகராட்சிக் காலத்தில் தெரு நெரிசலைக் கட்டுப்படுத்தும் கருவியாக அது உருவானது. விடுதலைக்குப் பின் தெருக்களைக் காலி செய்யவும், அங்கிருந்தவர்களுக்கு வேறிடம் தரவும் அதுவே பயன்பட்டது. இன்று சிங்கப்பூரில் நூற்றுக்கும் மேற்பட்ட உணவங்காடி நிலையங்கள் உள்ளன. அவற்றின் அங்காடிப் பண்பாடு 2020 டிசம்பரில் யுனெஸ்கோவின் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

வணிக உரிமம் என்றால் ஒரு தொழிலைச் செய்வதற்கான அனுமதி என்றே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. நிலம் மிகக் குறைந்த இந்தத் தீவில் அங்காடி உரிமம் தொடக்கத்திலிருந்தே இடத்துக்கான அனுமதியாகவும் இருந்தது. யார் விற்கலாம் என்பதைவிட எங்கே நின்று விற்கலாம் என்பதே ஒவ்வொரு காலத்திலும் முதன்மைக் கேள்வியாக இருந்தது.

தொடக்கம்: வரிக் குத்தகை

1819இல் கிழக்கிந்தியக் கம்பெனி சிங்கப்பூரில் வணிகத் தளம் அமைத்தது. அது சுங்கவரி இல்லாத துறைமுகம் என்பதால் கப்பல்களும் வணிகர்களும் விரைவாக வந்து சேர்ந்தனர். ஆனால் சுங்கவரி இல்லாத ஊரை நிர்வகிக்கப் பணம் வேறு வழியில் வர வேண்டியிருந்தது. முதல் ரெசிடெண்டான வில்லியம் ஃபார்குவார் 1820இல் அபின், சாராயம், சூதாட்டம் ஆகியவற்றுக்கான உரிமங்களை ஏலத்தில் விட்டார். ஏலம் எடுத்தவர் அரசுக்கு மாதந்தோறும் ஒரு தொகை செலுத்துவார். அந்தப் பொருளை விற்கும் தனியுரிமை அவருக்குக் கிடைக்கும்.

இந்தக் குத்தகை முறையே சிங்கப்பூரின் முதல் வணிக உரிமம். ராஃபிள்ஸ் சூதாட்ட உரிமத்தை எதிர்த்து 1823இல் அதை நீக்கினார். அவருக்குப் பின் வந்த ஜான் கிராஃபர்ட் அதை மீண்டும் கொண்டுவந்தார். 1829இல் சூதாட்டக் குத்தகை முடிவுக்கு வந்தது. அபின் குத்தகை 1910இல் அரசே அபின் விற்பனையை ஏற்கும் வரை நீடித்தது. அரசின் வருவாயில் பெரும்பகுதி இதிலிருந்தே வந்தது. இக்காலத்தில் உரிமம் என்பது அரசுக்கு வருவாய், வாங்குபவருக்குத் தனியுரிமை. இஞ்சித் தண்ணீரோ அவித்த கடலையோ விற்றவருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஐந்தடி நடைவழி

சாதாரணத் தெருவணிகரை அரசின் பார்வைக்குள் கொண்டுவந்தது நகரத்தின் அமைப்பு. ராஃபிள்ஸ் 1822இல் வகுத்த நகரத் திட்டத்தில் ஒவ்வொரு கடைவீட்டின் முன்னும் தொடர்ச்சியான, கூரையிட்ட நடைவழி இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. வெயிலிலும் மழையிலும் மக்கள் நனையாமல் நடப்பதற்கான வழி அது. பின்னர் அது ஐந்தடி நடைவழி என்று பெயர் பெற்றது.

நடைவழி கடைக்காரருக்குச் சொந்தமா, பொதுமக்களுக்குச் சொந்தமா என்பது தீராத வழக்காக இருந்தது. கடைக்காரர்கள் தம் சரக்கை அங்கே அடுக்கினர். சிலர் அந்த இடத்தைச் சிறு வணிகர்களுக்கு வாடகைக்கு விட்டனர். முடிதிருத்துபவர், கடிதம் எழுதித் தருபவர், செருப்புத் தைப்பவர், பலகாரம் விற்பவர் எனப் பலரின் பிழைப்பு அங்கே நடந்தது.

1888 பிப்ரவரியில் நகராட்சி இந்த வழிகளைக் காலி செய்ய முற்பட்டபோது கடைகள் அடைக்கப்பட்டன. தெருக்களில் கல்வீச்சும் நடந்தது. இது வராந்தாக் கலவரம் என்று அறியப்படுகிறது. நடந்து செல்ல இடம் விட்டால் மீதியில் சரக்கு வைக்கலாம் என்ற சமரசத்தில் அது முடிந்தது. நகராட்சி சட்டம் இயற்றலாம், ஆனால் தெருவில் பிழைப்பவர்களின் ஒப்புதல் இல்லாமல் அதை நிறைவேற்றுவது கடினம் என்பதை அக்கலவரம் காட்டியது. பிற்கால உரிமச் சட்டங்கள் அனைத்தும் இதே சிக்கலைச் சந்தித்தன.

அங்காடிக்காரர்கள்

துறைமுகத்திலும் கிடங்கிலும் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்த ஆண்கள். நெரிசலான கடைவீட்டு அறைகளில் சமைக்க வசதி இல்லை. ஆகவே தெருவில் விற்கும் மலிவான உணவு அவர்களுக்கு அன்றாடத் தேவை. விற்பவரும் அவர்களைப் போன்றவரே. ஒரு காவடித் தண்டு, இரண்டு கூடை, ஓர் அடுப்பு இருந்தால் தொழில் தொடங்கலாம். முதலாளி வேண்டாம், கடை வேண்டாம், எழுத்தறிவும் வேண்டாம்.

சீனர்களில் ஹொக்கியன், தியோச்சியூ, கான்டனீஸ் எனப் பல குழுவினர் தத்தம் ஊர் உணவை விற்றனர். மலாய்க்காரர்களும் ஜாவானியர்களும் சத்தே விற்றனர். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் வறுத்த கடலை, பட்டாணி வகைகளைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து காகிதச் சுருளில் போட்டு விற்றனர். மலாய் மொழியில் இதற்குக் கச்சாங் பூத்தே என்று பெயர். தமிழ் முஸ்லிம்களின் கைகளில் மீ கோரெங், ரோஜாக், முர்தபாக் ஆகியவை உள்ளூர்ச் சுவை பெற்றன. கடையநல்லூரிலிருந்து வந்து தஞ்சோங் பகார் பகுதியில் குடியேறிய பெண்கள் மசாலா இடித்து விற்றுக் குடும்பத்தின் வருவாயில் பங்கெடுத்தனர். சிராங்கூன் சாலையில் 1915இல் திறக்கப்பட்ட கண்டாங் கெர்பாவ் சந்தை, தமிழர்கள் தேக்கா என்றழைக்கும் பகுதியின் மையமானது.

பதிவும் கொட்டகையும்

20ஆம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் நகராட்சி அங்காடிக்காரர்களைப் பதிவு செய்யவும் உரிமம் வழங்கவும் தொடங்கியது. உரிமங்களில் இரண்டு வகை முக்கியமானவை. ஓரிடத்தில் நிலையாகக் கடை போடுபவருக்கு ஒன்று, தெருத்தெருவாகச் சுற்றி விற்பவருக்கு மற்றொன்று. சுற்றி விற்பவர் ஓரிடத்தில் தங்கிவிடக் கூடாது. ஆனால் நூடுல்ஸ் சமைப்பவர் நின்றால்தான் அடுப்பு எரியும், வாடிக்கையாளர் உட்கார்ந்தால்தான் உண்ண முடியும். உரிமத்தின் வரையறையும் தொழிலின் இயல்பும் இங்கே மோதின. உரிமம் வைத்திருந்தவர்கூட நின்ற இடத்துக்காகத் தண்டனை பெற நேர்ந்தது.

நகராட்சியின் கவலைக்கும் காரணம் இருந்தது. தெருவில் குழாய்நீர் இல்லை. ஒரே வாளித் தண்ணீரில் பல கிண்ணங்கள் கழுவப்பட்டன. மிச்சம் மீதி சாக்கடையில் கொட்டப்பட்டது. எலிகளும் ஈக்களும் பெருகின. வாந்திபேதி, டைபாய்டு ஆகியவை நகரில் திரும்பத் திரும்ப வந்தன. வண்டிகளும் கார்களும் கூடக்கூடத் தெரு நெரிசலும் புகாரானது.

1920களிலும் 1930களிலும் நகராட்சி சில இடங்களில் கொட்டகைகள் அமைத்து அங்காடிக்காரர்களை அங்கே மாற்றியது. பீப்பிள்ஸ் பார்க், பலஸ்தியர் சாலை ஆகியவை அவ்வகை இடங்கள். 1931இல் அமைக்கப்பட்ட குழு அங்காடிப் பிரச்சினையை ஆராய்ந்து அடுத்த ஆண்டு அறிக்கை அளித்தது. ஆனால் கொட்டகைகளில் இருந்த இடம் மிகக் குறைவு, தெருவில் இருந்தவர்கள் மிக அதிகம். உலகப் பொருளாதார மந்தம் ரப்பர், தகரத் தொழில்களைப் பாதித்தபோது வேலையிழந்தவர்களுக்கும் தெருவே புகலிடமானது.

போருக்குப் பிந்தைய ஆணையம்

1942 முதல் 1945 வரையிலான ஜப்பானிய ஆட்சியிலும் அதற்குப் பின்னும் வேலையின்மையும் உணவுத் தட்டுப்பாடும் மேலும் பலரைத் தெருவணிகத்துக்குத் தள்ளின. உரிமம் பெற்றவர்களைவிட உரிமம் இல்லாதவர்கள் பல மடங்கு ஆயினர்.

உரிமம் இல்லாதவர் இரு தரப்புக்கும் அஞ்ச வேண்டியிருந்தது. அதிகாரிகள் வந்தால் வண்டியும் பாத்திரங்களும் பறிமுதலாகும், அபராதமும் உண்டு. வராத நாளில் இரகசியச் சங்கத்து ஆள்கள் பாதுகாப்புப் பணம் கேட்டு வருவார்கள். சட்டத்துக்கு வெளியே இருப்பவர் காவல்துறையிடம் முறையிட முடியாது. சோதனை அதிகாரிகளைச் சீன வணிகர்கள் மண் எருது என்று பொருள்படும் சொல்லால் அழைத்தனர். அந்தக் குரல் கேட்டதும் தெரு முழுவதும் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு ஓடும் காட்சி, அக்காலத்தை நினைவுகூரும் பலரின் பதிவுகளில் உள்ளது.

1950இல் ஆளுநர் ஃபிராங்க்ளின் கிம்சன், அங்காடி விசாரணை ஆணையத்தை அமைத்தார். மலாயாப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் டி. எச். சில்காக் அதன் தலைவர். அங்காடிக்காரர்களைத் தெருவிலிருந்து அகற்ற வேண்டிய தொல்லையாகவே அதிகாரிகள் பார்க்கிறார்கள் என்பதை ஆணையத்தின் அறிக்கை சுட்டிக்காட்டியது. இது பார்வையில் ஒரு மாற்றம். தெருவணிகம் நகரத்தின் நோய் அல்ல, வேலையும் மலிவான உணவும் தரும் ஒரு பொருளாதாரம் என்ற எண்ணம் அரசு ஆவணத்தில் இடம்பெற்றது. எனினும் நடைமுறையில் உடனடி மாற்றம் ஏற்படவில்லை. உரிமம் குறைவாகவும் தேவை மிகுதியாகவும் இருந்த நிலை 1960களிலும் தொடர்ந்தது.

1968–69 பதிவு

1965 ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூர் தனி நாடானது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் 1968 அக்டோபரில் தூய்மை இயக்கம் தொடங்கியது. அதே ஆண்டு சுற்றுப்புறப் பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. தெருவணிகத்தை ஒழுங்குபடுத்த வலுவான சட்ட அடிப்படை இதனால் கிடைத்தது.

1968–69இல் தீவு முழுவதும் அங்காடிக்காரர்கள் கணக்கெடுக்கப்பட்டனர். சுமார் 18,000 தெரு அங்காடிக்காரர்களுக்குத் தற்காலிக உரிமம் வழங்கப்பட்டது. அதுவரை உரிமம் இல்லாமல் விற்றவர்களையும் அகற்றாமல் முதலில் பதிவேட்டுக்குள் சேர்த்ததே இந்த நடவடிக்கையின் சிறப்பு. பிரதான சாலைகளில் இருந்தவர்கள் பின்சந்துகள், வண்டி நிறுத்துமிடங்கள், காலி மனைகள் ஆகிய இடங்களுக்கு மாற்றப்பட்டனர்.

இந்தப் பதிவு இரண்டு விளைவுகளை உண்டாக்கியது. ஒன்று, உரிமம் பெற்றவருக்கு எதிர்காலத்தில் இடம் கேட்கும் தகுதி வந்தது. மற்றொன்று, பதிவேட்டில் இல்லாதவர் யார் என்பது தெளிவானது. உரிமம் பெறாதவர்களைத் தடுக்க 1974இல் அங்காடித் துறையில் சிறப்புப் படை உருவாக்கப்பட்டது. அவ்வகையில் பதிவேடு, உள்ளே இருப்பவருக்குப் பாதுகாப்பாகவும் வெளியே இருப்பவருக்கு மூடிய கதவாகவும் அமைந்தது.

இந்நடவடிக்கை இதற்கு முன் ஏன் இயலவில்லை என்பதற்கான விடை தொழிற்சாலைகளில் உள்ளது. சட்டவிரோத அங்காடிக்காரர்களைப் பல ஆண்டுகள் அகற்ற இயலவில்லை என்றும், போதிய வேலைவாய்ப்புகள் உருவான பிறகு, 1971க்குப் பின்னரே சட்டத்தை நடைமுறைப்படுத்த முடிந்தது என்றும் பிரதமர் லீ குவான் இயூ தம் நினைவுக்குறிப்புகளில் எழுதியுள்ளார். ஜூரோங் தொழிற்பேட்டை போன்றவற்றில் இளைஞர்களுக்கு வேலை கிடைத்தது. தெருவுக்குப் புதிதாக வருபவர் குறைந்தனர். உரிமங்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது அப்போதுதான் சாத்தியமானது.

தெருவிலிருந்து நிலையத்துக்கு

1971 முதல் 1986 வரை அரசு உணவங்காடி நிலையங்களைக் கட்டியது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும் ஜூரோங் நகராண்மைக் கழகமும் புதிய குடியிருப்புகளிலும் தொழிற்பேட்டைகளிலும் இவற்றைக் கட்டின. ஒவ்வொரு கடைக்கும் குழாய்நீர், மின்சாரம், கழிவுநீர் இணைப்பு ஆகியவை கிடைத்தன. நியூட்டன் நிலையம் தொடக்ககால நிலையங்களுள் ஒன்று.

கடைகள் பெரும்பாலும் குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டன. நுழைவாயில் அருகே இடம் கிடைத்தவருக்கும் மூலையில் கிடைத்தவருக்கும் வருவாயில் பெரும் வேறுபாடு இருந்தது. தெருவில் ஒருவர் தம் வாடிக்கையாளரைத் தேடிப் போகலாம். நிலையத்தில் வாடிக்கையாளர் வருவதற்குக் காத்திருக்க வேண்டும். மூங்கில் துண்டுகளைத் தட்டி ஓசை எழுப்பி நூடுல்ஸ் விற்ற டோக் டோக் மீ வணிகரின் தொழில்முறை இந்த மாற்றத்தில் மறைந்தது. பகலில் வண்டி நிறுத்துமிடமாகவும் இரவில் உணவுச் சந்தையாகவும் இருந்த ஆர்ச்சர்ட் சாலை இடம் 1978இல் மூடப்பட்டது.

1977இல் சிங்கப்பூர் ஆற்றைத் தூய்மையாக்கும் பத்தாண்டுத் திட்டம் தொடங்கியது. ஆற்றங்கரையிலும் அதன் நீர்ப்பிடிப்புப் பகுதியிலும் தொழில் செய்த ஏறக்குறைய 5,000 அங்காடிக்காரர்கள் இத்திட்டத்தில் இடம்பெயர்ந்தனர். தேக்காவில் பழைய சந்தைக்கு மாற்றாகச் சாலையின் எதிர்ப்புறத்தில் கட்டப்பட்ட நிலையம் 1982இல் செயல்படத் தொடங்கியது. 1986இல் தெரு அங்காடிக்காரர்களின் இடமாற்றம் நிறைவுற்றது.

உரிமமும் வாடகையும்

இடம் மாறிய முதல் தலைமுறையினருக்கு வாடகைச் சலுகை தரப்பட்டது. தெருவில் வாடகையே கட்டாதவர்களை நிலையத்துக்கு அழைத்துவர அது தேவைப்பட்டது. அவர்களில் பலர் சந்தை விலையைவிட மிகக் குறைந்த வாடகையில் நீண்ட காலம் தொழில் நடத்தினர். உணவின் விலை குறைவாக இருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

1990களிலிருந்து காலியாகும் கடைகள் ஒப்பந்தப் புள்ளி முறையில் விடப்படுகின்றன. அதிக வாடகை தருவதாக எழுதிக் கொடுப்பவருக்குக் கடை கிடைக்கும். 2012இல் குறைந்தபட்ச வாடகை வரம்பு நீக்கப்பட்டது. கடையைப் பெற்று வேறொருவருக்கு உள்வாடகைக்கு விடுவதும் தடைசெய்யப்பட்டது. கூட்டம் குறைந்த இடங்களில் மிகச் சிறிய தொகைக்கும் கடை கிடைத்த நிகழ்வுகள் உண்டு. மறுபுறம், 2024இல் மரின் பரேட் நிலையத்தில் ஒரு கடைக்கு மாத வாடகையாக 10,158 வெள்ளி கேட்கப்பட்டது நாடெங்கும் பேசப்பட்டது. அரைநூற்றாண்டுக்கு முன் ஏழைகளுக்கு வழங்கப்பட்ட இடம், இப்போது பணம் உள்ளவர்கள் போட்டியிடும் இடமாகிவிட்டதா என்ற கேள்வி எழுந்தது.

இன்றைய நடைமுறை

சிங்கப்பூரில் நிறுவனம் ஒன்றைப் பதிவு செய்வது இணையத்தில் விரைவாக முடியக்கூடிய வேலை. உலக வங்கியின் தொழில் செய்யும் எளிமைப் பட்டியலில் அந்நாடு தொடர்ந்து பல ஆண்டுகள் முதலிடம் பெற்றிருந்தது. ஆனால் அங்காடிக் கடைக்கு நிறுவனப் பதிவு மட்டும் போதாது. இரண்டு வாயில்களைக் கடக்க வேண்டும்.

முதலாவது இடம். அரசின் நிலையங்களில் கடையை வாடகைக்குப் பெற விரும்புபவர் சிங்கப்பூர்க் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். கடையை அவரே முன்னின்று நடத்த வேண்டும். இரண்டாவது உரிமம். 2019இல் உருவான சிங்கப்பூர் உணவு அமைப்பு இதை வழங்குகிறது. உணவைக் கையாள்பவர்கள் உணவுப் பாதுகாப்புப் பயிற்சியில் தேர்ச்சி பெற வேண்டும். சுகாதார விதிகளை மீறினால் குற்றப்புள்ளிகள் சேரும். அவை வரம்பைத் தாண்டினால் உரிமம் தற்காலிகமாக நிறுத்தப்படும், அல்லது நீக்கப்படும். வேலைக்கு ஆள் வைப்பதிலும் வரம்பு உண்டு. நீண்டகால வருகை அட்டை வைத்திருப்பவர்களை உதவியாளராகச் சேர்க்க 2025 ஜனவரியிலிருந்தே அனுமதி கிடைத்தது.

தெருவில் விற்கும் உரிமம் முற்றிலும் மறையவில்லை. ஐஸ்கிரீம் வண்டிக்காரர்கள் போன்ற மிகச் சிலரிடம் அது உள்ளது. வயது முதிர்ந்த, வருமானம் குறைந்த குடிமக்களுக்கே இவ்வகை உரிமம் பொதுவாக ஒதுக்கப்படுகிறது.

மதிப்பீடு

உலகின் பல நகரங்கள் தெருவணிகர்களைத் துரத்தின. சில நகரங்கள் அவர்களுக்கு அட்டை மட்டும் கொடுத்து நிறுத்திக்கொண்டன. சிங்கப்பூரின் வேறுபாடு, உரிமத்தோடு இடத்தையும் தண்ணீரையும் சேர்த்துக் கொடுத்ததில் உள்ளது. 1900களிலிருந்து 1960கள் வரை உரிமச் சட்டங்கள் தோற்றதற்கு அங்காடிக்காரர்களின் பிடிவாதம் மட்டும் காரணமல்ல. நிற்க இடம் தராமல் நிற்காதே என்று சொன்னதும், வேறு வேலை இல்லாதபோது தொழிலை விடு என்று சொன்னதும் காரணங்கள்.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. யாரையும் கேட்காமல் ஒரு கூடையோடு தொழில் தொடங்கும் வாய்ப்பு முடிந்துபோனது. தொழிலுக்குள் நுழைய இப்போது வாடகை, முன்பணம், கருவிகள் என முதலீடு வேண்டும். அங்காடிக்காரர்களின் நடுத்தர வயது 60ஐ ஒட்டி இருக்கிறது. முதியவரின் சமையல் முறையையும் கடையையும் குடும்பத்துக்கு வெளியே உள்ள இளையவர் ஒருவருக்கு மாற்றித் தரும் திட்டம் 2022இல் தொடங்கப்பட்டது. 2016இல் இரண்டு தெருவுணவுக் கடைகள் மிஷெலின் நட்சத்திரம் பெற்றபோது உலகம் அவற்றின் சுவையைப் பாராட்டியது. ஆயினும் ஒரு தட்டு உணவின் விலையைக் கூட்டினால் வாடிக்கையாளர் குறைகூறுவர், கூட்டாவிட்டால் பிள்ளைகள் இத்தொழிலுக்கு வரமாட்டார்கள்.

தெருவில் நின்றவர்களை 1968–69 பதிவேடு வணிகர்களாக ஏற்றுக்கொண்டது. அவர்களில் பலர் அந்தக் கடையின் வருவாயில் பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். படித்த பிள்ளைகள் வேறு வேலைக்குச் சென்றனர். அங்காடி உரிமம் தன் முதல் தலைமுறைக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது. அடுத்த தலைமுறையில் அதை யார், எந்த வாடகையில் பெறுவார்கள் என்பதைப் பொறுத்தே மலிவான பொது உணவு என்ற சிங்கப்பூரின் ஏற்பாடு நிலைக்கும்.